தனியாகத் தின்னத் தெரியாத உனக்கு

இந்த ஊரில் கெட்டிப்பாலைக் குழாயில் அடைத்து விற்கிறார்கள், பற்பசை மாதிரி. மூடியைத் திருகி வயிற்றை அமுக்கினால் வெள்ளையாக ஒரு புழு வெளியே வருகிறது. போன ஞாயிற்றுக்கிழமை காலையில் தேயிலையைக் கறுக்கக் கறுக்கக் கொதிக்கவிட்டு, வடிகட்டி, அந்தப் புழுவை அதன் தலையில் பிழிந்தேன். ஆவி மூக்கில் ஏறியதும் ரங்கூனில் நம்ம மிங்கலா தாங்ஞுன்ட் ரயில் பாதைக்குப் பக்கத்து டீக்கடை, எண்ணெய் இறங்கிய மேசை, முழங்கால் மோவாயில் இடிக்கும் குட்டை முக்காலி எல்லாம் என் சமையலறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. சமையலறை சின்னது. உனக்கு நிற்கத்தான் இடம் இருந்தது.

அதனால்தான் எழுதுகிறேன். நீ பதில் சொல்ல முடியாத இடத்தில் இருப்பது எனக்கு ஒரு வசதி. உயிரோடு இருந்தவரை என்னை ஒரு வாக்கியத்தை முடிக்க விட்டாயா நீ. இங்கே பிரான்சில், லியோனில் ஒரு ஆறு ஓடுகிறது என்று ஆரம்பித்தால், நம்ம ஊரிலும்தான் ஆறு இருக்கிறது, அதில் கப்பலே வரும் என்று அடைத்துவிடுவாய். அலோன் படகுத்துறையில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தவனுக்குக் கப்பல் வராத ஆறெல்லாம் வாய்க்கால்தான்.

நான் இங்கே என்ன செய்கிறேன் என்பதை ஊரில் நீதான் பரப்பினாய், அதுவும் தப்பாக. பல் டாக்டர் என்றாய். நான் டாக்டர் இல்லை. டாக்டர் வாயில் எடுத்த அச்சை வாங்கி, பின்கட்டு அறையில் உட்கார்ந்து, மெழுகும் மாவும் குழைத்துப் பொய்ப்பல் செய்கிறவன். ரங்கூனில் செய்த அதே வேலைதான். இங்கே அறையில் சூடு போடுகிறார்கள், அங்கே சூடு தானாக வரும், அவ்வளவு வித்தியாசம். பள்ளிக்கூடத்தில் என் முன்பல் துருத்திக்கொண்டிருந்த காலத்தில் நீ வைத்த பட்டப்பெயர் 'பல்லு'. பிறகு அதுவே தொழிலாகவும் ஆனபோது, ஏதோ நீயே வேலை வாங்கிக் கொடுத்த மாதிரி பெருமைப்பட்டாய்.

உனக்குச் சொல்லாத ஒன்று உண்டு. டிராமில் எதிரே உட்கார்ந்திருக்கும் கிழவரோ கிழவியோ சிரித்தால் நான் உற்றுப் பார்ப்பேன். எப்போதாவது ஒரு வாயில் என் கைவேலை தெரியும். அந்தக் கோரைப்பல்லின் லேசான சாய்வு என்னுடையது. அந்த மனுஷிக்கு என்னைத் தெரியாது, நானும் சொல்லிக்கொள்ள மாட்டேன். இறங்கும் இடம் வரை அந்தச் சிரிப்பை நான் தனியாக அனுபவிப்பேன். உன்னிடம் சொல்லியிருந்தால், 'இதுக்கா அவ்வளவு தூரம் போன' என்று கேட்டிருப்பாய்.

இதற்குத்தான் அவ்வளவு தூரம் வந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

உனக்குத் தனியாக எதுவும் வராது. முடி வெட்டிக்கொள்ளப் போனால்கூடப் பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். இடுப்பில் கட்டும் லோன்ஜி வாங்கப் போனால், கட்டம் போட்டதா கோடு போட்டதா என்று தீர்மானிக்க நான் வேண்டும்; தீர்மானம் எப்போதும் உன்னுடையது. சாவு வீட்டுக்கு நீ தனியாகப் போனதே இல்லை. அழுகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பு வந்தால் அடக்க ஒரு ஆள் தேவை என்பாய். டீக்கடையிலோ கேட்கவே வேண்டாம். நாம் இரண்டு பேர் உட்கார்ந்தால் போதும், காலியாக இருக்கும் முக்காலி ஒவ்வொன்றும் ஊருக்கே அனுப்பிய அழைப்பிதழ். போகிறவன் வருகிறவன் எல்லாம் உட்காருவான், மேசைமேல் இலவசமாக நிற்கும் தேயிலைத்தண்ணீர்க் கெண்டியைச் சாய்த்துக்கொள்வான், நம் தட்டில் இருக்கும் இச்சாக்குவேயைப் பிய்த்துக்கொண்டே அவன் மச்சானின் வழக்கு விவரம் சொல்லுவான். எண்ணெயில் பொரித்த அந்த நீளப் பலகாரத்தை முழுசாக நான் தின்றது நினைவே இல்லை. எப்போதும் மிச்சம்தான்.

ஒருமுறை பத்திரிகை படிக்கலாம் என்று நான் ஒத்தையாகப் போய் உட்கார்ந்தேன். உனக்கு ஞாபகம் இருக்கும், நீ அன்றைக்குக் காய்ச்சலில் கிடந்தாய். முதலில் வந்தவர் வீட்டில் சண்டையா என்றார். அடுத்தவர் வேலை போய்விட்டதா என்றார். மூன்றாவது ஆள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, நேரே எங்கள் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லிவிட்டார். அம்மா குடையோடு வந்து, கடை வாசலில் நின்று, எவளாக இருந்தாலும் பரவாயில்லை, கூட்டிக்கொண்டு வா என்றாள். தனியாக டீ குடித்ததற்குத் தண்டனை கல்யாணம். நல்லவேளையாக அதுவும் நடக்கவில்லை. கல்யாணம் என்னை இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, வேறு வீட்டுக்குப் போய்விட்டது.

அப்படிப்பட்ட ஊரிலிருந்து லியோனுக்கு வந்து இறங்கினேன். முதல் வாரங்களில் எந்தக் காபிக் கடைக்குள்ளும் போகவில்லை. கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். ஒவ்வொரு மேசைக்கும் ஒரே ஒரு ஆள், அவர் முன்னால் கண்ணுக்கு மருந்து விடும் அளவுக்குக் காபி. பேச்சு இல்லை. ஐயோ பாவம், ஊரில் பெரிய சாவு ஏதோ விழுந்திருக்கிறது போல என்றுதான் நினைத்தேன்.

பிறகு ஒருநாள் துணிந்து போனேன். போய் உட்கார்ந்து, பரிமாறுகிறவரைக் கூப்பிட வேண்டுமே, நம் ஊர் வழக்கப்படி உதட்டைக் குவித்து முத்தச் சத்தம் கொடுத்தேன். ரங்கூனில் அந்தச் சத்தத்துக்கு நாலு மேசை தாண்டி டீ வரும். இங்கே பரிமாறுகிறவர் வரவில்லை. பக்கத்து மேசைக்கு அடியிலிருந்து ஒரு நாய் எழுந்து வந்து என் முழங்காலில் மோவாயை வைத்தது. நாய்க்குச் சொந்தக்காரியான அம்மாள் என்னைப் பார்த்தாள். நான் நாயைப் பார்த்தேன். பிரெஞ்சில் எனக்கு அப்போது வணக்கமும் நன்றியும் மட்டும் தெரியும். இரண்டையும் நாயிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

இதை உன்னிடம் போனில் சொன்னது என் புத்திக்கேடு. நீ சந்தையில் சொன்னாய். சந்தையிலிருந்து கோயிலுக்குப் போனது. கோயிலிலிருந்து எங்கள் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கதையிலிருந்து நாய் உதிர்ந்துவிட்டிருந்தது, அம்மாள் மட்டும் மிஞ்சியிருந்தாள். அக்கா போன் போட்டு, வெள்ளைக்காரி என்றாலும் சரி, சாம்பார் வைக்கச் சொல்லிக் கொடு என்றாள்.

ஆனால் அந்த நாயோடு எனக்கு ஏதோ தெளிந்தது. வெளியே வந்து நின்றபோது யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. யாரும் யாருடைய வீட்டுக்கும் போய்ச் சொல்லவில்லை. நான் ஒரு நீள ரொட்டி வாங்கினேன். அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்தது. வீடு போய்ச் சேர்வதற்குள் அதன் முனையைப் பிய்த்து வாயில் போட்டேன். மொறுமொறு என்று உடைந்து, உள்ளே வெதுவெதுப்பாக, கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது முனையையும் பிய்த்தேன். பிய்க்க வேறு கை வரவில்லை. தெருவில் நின்றுகொண்டே, ஒரு பலகாரத்தை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை நானே தின்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். நன்றாக இருந்தது.

அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. ஆற்றங்கரைச் சந்தையில் பாலாடைக்கட்டி விற்கும் பாட்டியம்மா கத்தி நுனியில் துண்டு துண்டாக ருசி காட்டுவாள்; நான் வாங்கப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும், அவள் கொடுக்காமல் இருக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். துணி துவைக்கிற பொதுக் கடையில், குளிர்காலத்தில், உலர்த்தும் இயந்திரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு என் சட்டைகள் சுற்றுவதைப் பார்ப்பேன். சினிமாவைவிட மேல், முடிவு தெரியும், சூடும் வரும். கோடையில் ஒரு பொட்டலம் செர்ரி வாங்கிக்கொண்டு படித்துறையில் உட்கார்ந்து கொட்டையை ஆற்றில் துப்புவேன். எவ்வளவு தூரம் போகிறது என்று எனக்கு நானே போட்டி. எப்போதும் நான்தான் ஜெயிப்பேன்.

இதையெல்லாம் போனில் சொன்னால் நீ அந்தப் பக்கம் பெருமூச்சு விடுவாய். 'பாவம்டா பல்லு' என்பாய். கையால் வாயைப் பொத்திக்கொண்டு உன் பெண்டாட்டி மா யீயிடம், இவன் அங்கே ஒத்தையாகப் பழம் தின்கிறானாம் என்று சொல்லுவது எனக்குக் கேட்கும். அந்தப் புண்ணியவதி பர்மியப் பெண், உன்னைக் கட்டிக்கொண்டு சாம்பாரும் காளியம்மன் கோயிலும் கற்றவள். அவள் அடுத்த நாள் விடியலில் பிச்சைக்கு வரும் பிக்குகளுக்கு என் பெயரைச் சொல்லிச் சோறு போடுவாள், என் தனிமை தீர வேண்டும் என்று. நான் செர்ரி தின்னத் தின்ன அங்கே சோறு போய்க்கொண்டிருந்தது. நான் சந்தோஷமாக இருக்கிறேன் தாயே என்று எத்தனையோ தடவை சொன்னேன். அவள் இன்னும் அதிகமாகக் கவலைப்பட்டாள். சந்தோஷமாக இருக்கிறேன் என்று சொல்கிற அளவுக்குப் போய்விட்டானே என்று.

மா யீ போனது ஒரு மழைக்காலத்தில். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, அது உன்னுடையது.

நான் எழுத வேண்டியது அதற்குப் பிறகு நடந்ததை. சிங்கப்பூரிலிருந்து உன் மகள் செல்வி எனக்குப் பேசினாள். சின்ன வயதில் இருந்து அவள் தமிழில் ஆரம்பித்துப் பர்மியத்தில் முடிப்பாள், அன்றைக்கும் அப்படித்தான்.

"சித்தப்பா, அப்பா சாப்பிடறதில்ல. ஆக்கி வெச்சுட்டு அப்படியே காக்காய்க்குக் கொட்டிடறாராம். என்கிட்ட வாங்கன்னா வரமாட்டேங்கறார். நீங்க சொன்னா கேப்பாரு."

நான் சொல்லி நீ எதையும் கேட்டதில்லை என்பதை அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது. சரி என்றேன்.

அன்று மத்தியானமே உன்னைப் போனில் பார்த்தேன். அதாவது, உன் வீட்டு மின்விசிறியைப் பார்த்தேன். போனை மேசைமேல் மல்லாக்க வைத்துப் பேசுகிற ஒரே ஆள் நீ. விசிறி சுற்றவில்லை, கரண்ட் இல்லை. சாப்பிட்டாயா என்றேன். மீன்சாற்றுச் சேமியா மொஹிங்கா வாங்கிவந்து ரெண்டு கிண்ணம் அடித்தேன் என்றாய். அப்போது எனக்கு ஒரு சத்தம் கேட்டது. டக், டக் என்று. நான் ஊரை விட்டு வருவதற்கு முன் கடைசியாகச் செய்து கொடுத்தது உன் மேல்செட்டு. வெற்றிலை தின்று நீ பல்லைத் தொலைத்ததற்கு நான் கட்டிய அபராதம். பசை போட்ட மாதிரி உட்கார்ந்த செட்டு அது. உடம்பு வற்றினால் ஈறும் வற்றும், ஈறு வற்றினால் செட்டு ஆடும். நீ ரெண்டு கிண்ணம் என்று சொல்லும்போது அந்த 'ர' வழுக்கிப் போய் விழுந்தது. முகத்தைக் காட்டு என்றேன். காட்டினாய். கன்னம் உள்ளே போயிருந்தது.

அன்றிலிருந்து நம் வகுப்பு ஆரம்பித்தது. எனக்கு மத்தியானம், உனக்குச் சாயந்தரம். நான் வேலையிடத்துக்குப் பின்னால் இருக்கும் பெஞ்சில் ரொட்டியைப் பிரிப்பேன், நீ அங்கே தட்டை எடுத்து வைப்பாய். ஒரு வாய் நான், ஒரு வாய் நீ. தனியாகத் தின்பது எப்படி என்று பாடம் எடுக்க இரண்டு பேர் சேர்ந்து தின்றோம், என் ஆசிரிய லட்சணம் அப்படி. ரொட்டியின் முனை எப்படி உடைகிறது என்று உனக்குக் கேட்கவைப்பேன். நீ வாயில் போட்டது புளிக்கிறதா உறைக்கிறதா, நாக்கின் எந்தப் பக்கம் என்று கேட்பேன். 'சோறு சோறு மாதிரி இருக்குடா' என்பாய்.

பாதி நாள் லைன் கிடைக்காது. உன் பக்கம் கரண்ட் போகும், உன் முகம் வாயைத் திறந்தபடியே உறைந்து நிற்கும். லைன் வராத நாளில் நீ சாப்பிடவில்லை என்று மறுநாள் செட்டு எனக்குச் சொல்லிவிடும். நான்தான் உனக்கு ஊறுகாய் ஆகிவிட்டேன் என்று புரிந்தது. தொட்டுக்கொள்ள நான் இல்லாவிட்டால் உனக்குச் சோறு இறங்காது. மகள் தினமும் அழுகிறாள். நான் ஐந்து வருஷம் பத்து வருஷம் மத்தியானம் தவறாமல் பெஞ்சில் உட்கார்ந்திருக்க முடியாது, இந்த ஊரில் மழை பெய்யும், நானும் ஒருநாள் இல்லாமல் போவேன். உன் முறைதான் முதலில் வரும் என்று அப்போது யார் கண்டது.

அதனால் ஒருநாள் சண்டை போட்டேன். வீட்டில் உட்கார்ந்துகொண்டு படத்தைப் பார்த்தபடி தின்றால் இறங்காது, நம்ம டீக்கடைக்குப் போ, ஒத்தையாக உட்கார், ஒரே ஒரு லபெயே டீ குடி, ஒரு இச்சாக்குவே தின், போனை வீட்டில் வைத்துவிட்டுப் போ என்றேன். நீ மெதுவாகச் சொன்னாய்:

"ஒத்தையா உக்காந்தா நம்ம சனம் விடுமாடா. வந்து வந்து உக்காரும். மா யீ எப்படிப் போனா, கடைசியா என்ன சொன்னா, வலிச்சுதான்னு ஒவ்வொருத்தனுக்கும் முதல்ல இருந்து சொல்லணும். ஒவ்வொரு டீக்கும் அவளை ஒருதரம் சாகடிக்கணுமா நான்?"

நம் ஊர்ச் சனம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. அன்பால்தான் உட்காருவார்கள், அன்பால்தான் நம் தட்டில் பிய்ப்பார்கள். ஆனால் வீட்டில் யாரும் இல்லாததால் உனக்கு இறங்கவில்லை, கடையில் எல்லாரும் இருந்தால் இறங்காது. இந்த நடுவிடத்துக்கு எனக்கு வழி தெரியவில்லை. லியோனில் அதற்கு வழி தேட வேண்டியதே இல்லை, இங்கே யாரும் வரமாட்டார்கள். அது உன் ஊர், நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வைத்துவிட்டு அந்த வாரம் முழுதும் ரொட்டியின் முனை எனக்கும் சரியாக இறங்கவில்லை, அது வேறு விஷயம்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து நீயே கூப்பிட்டாய். போய்விட்டு வந்தேன் என்றாய். எங்கே என்றால், கடைக்கு. ஒத்தையாகவா? ஒத்தையாகத்தான். சனம் விட்டதா?

"விட்டுச்சு. ஒரு வழி வெச்சிருக்கேன்."

என்ன வழி என்றேன். சிரித்தாய். சொல்லவில்லை. ஒரு ரகசியத்தை நீ வயிற்றுக்குள் வைத்துக்கொண்டது உன் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

அதன்பிறகு நீ நீயாக இல்லை. இன்றைக்குத் தேயிலை கொஞ்சம் கசந்தது, அதுவும் நன்றாகத்தான் இருந்தது என்பாய். சுற்று ரயில் வரும்போது கண்ணாடிக் கோப்பையில் டீ நடுங்குமே, அதைப் பார்த்திருக்கிறாயா, நடுவிலிருந்து வளையம் வளையமாக வரும் என்பாய். அதே மேசையில் முப்பது வருஷம் உன்னோடு உட்கார்ந்திருக்கிறேன், அந்த வளையத்தை நான் பார்த்ததில்லை. எப்படிப் பார்ப்பது, நீ பேசிக்கொண்டே இருந்தாயே. செட்டு ஆடும் சத்தம் குறைந்தது. கன்னம் வெளியே வந்தது. ஏதோ பெரிய குரு மாதிரி நான் செல்விக்குப் போன் போட்டு என் பெருமையை அளந்தேன்.

கொஞ்ச நாளில் உன் போன் குறைந்தது. நானாகக் கூப்பிட்டாலும், இப்போது வேலை இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுவாய். வேலையை விட்டு வீட்டில் இருக்கிற ஆளுக்குச் சாயந்தரம் ஐந்து மணிக்கு என்ன வேலை. எனக்குக் கோபம்தான் வந்தது, மறைக்க என்ன இருக்கிறது. தனியாக இருக்கக் கற்றுக்கொடுத்தவனையே கழற்றிவிட்டாயே என்று.

அப்படியே ஒரு மத்தியானத் தூக்கத்தில் போய்விட்டாய். நெஞ்சு என்றார்கள். செல்வி சொன்னபோது நான் ஒரு கிழவரின் கீழ்ச்செட்டுக்கு மெழுகு வைத்துக்கொண்டிருந்தேன். வைத்து முடித்தேன். காரியத்துக்கு என்னால் வர முடியவில்லை. லீவும் காகிதமும் கூடிவரப் பல மாதம் ஆகிவிட்டது. குளிர் மாதம் ஒன்றில்தான் ரங்கூன் வந்து சேர்ந்தேன்.

மறுநாள் சாயந்தரம் கடைக்குப் போனேன். கடைக்காரி டோ மியாவை உனக்குச் சொல்லத் தேவையில்லை. முன்னெல்லாம் என்னைப் பார்த்ததும் 'கோ பல்லு' என்று கூப்பிடுவாள், தமிழ்ப் பல்லுக்குப் பர்மிய மரியாதை சேர்த்து. அன்றைக்குப் பார்த்தாள், கூப்பிடவில்லை. முத்தச் சத்தம் கொடுத்தேன். நாய்கூட வரவில்லை. ரொம்ப நேரம் கழித்து டோ மியாவே வந்து கோப்பையை மேசையில் டக்கென்று வைத்தாள், பாதி டீ சாசரில். பக்கத்து மேசையில் வெற்றிலைக் கடைக்காரரும் நம் தெரு முடிதிருத்துபவரும் இருந்தார்கள். தலையை ஆட்டினேன். இரண்டு பேரும் ரயிலைப் பார்த்தார்கள். ரயில் வரவே இல்லை.

நான் என்ன தப்பு செய்தேன் என்று டோ மியாவைக் கேட்டேன். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"இப்போதாவது வந்தாயே. அந்த மனுஷனைத் தினமும் காக்க வைத்தாயே, அது போதாதா?"

எனக்கு விளங்கவில்லை. அவள்தான் சொன்னாள். நீ தினமும் சாயந்தரம் வருவாயாம். அந்த மூலை மேசை. ஒரு லபெயே, ஒரு இச்சாக்குவே. யாராவது எதிர் முக்காலியை இழுத்தால், உடனே கையை அதன்மேல் வைப்பாயாம்.

"ஆள் வருது. பல்லு வர்றான், பிரான்ஸ்லேர்ந்து."

அவ்வளவுதானாம். பிரான்சிலிருந்து ஒரு ஆள் வருகிற முக்காலியில் எவன் உட்காருவான். எல்லாரும் விலகிப் போய்விடுவார்களாம். முதல் வாரம் சரி என்று விட்டார்களாம். அப்புறம் வாரம் மாதமாகி, மாதம் வெயிலிலிருந்து மழைக்குப் போயும், நீ அதே முக்காலியில் கையை வைத்து, ஆள் வருது என்று சொல்லிக்கொண்டிருந்தாயாம். ஊருக்கே மனசு கேட்கவில்லையாம். பக்கத்தில் போய் மா யீயைப் பற்றிக் கேட்கக்கூட யாருக்கும் நா எழவில்லையாம். பெண்டாட்டியும் போய், சிநேகிதனும் ஏமாற்றி, இந்த மனுஷன் எவ்வளவுதான் தாங்குவார் என்று.

"எவ்வளவு பொறுமை தெரியுமா அவருக்கு," என்றாள் டோ மியா. "ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. இச்சாக்குவேயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊறவைத்து, கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவார். டீயைக் கடைசிச் சொட்டுவரை குடிப்பார். கோப்பையைப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொள்வார். ஒருதரம்கூட ரோட்டைத் திரும்பிப் பார்த்ததில்லை. அவ்வளவு நம்பிக்கை உன்மேல்."

நான் வாயைத் திறந்தேன். அந்த மனுஷன் யாருக்காகவும் காத்திருக்கவில்லை அம்மா, உங்களையெல்லாம் நாசூக்காக விரட்டியிருக்கிறான் என்று சொல்ல நினைத்தேன். காத்திருக்கிறவன் ரோட்டைப் பார்க்காமல் இருப்பானா என்று கேட்க நினைத்தேன். வெற்றிலைக் கடைக்காரரின் முகத்தைப் பார்த்தேன். கோபத்தில் கண் சிவந்திருந்தது, அதற்கும் உள்ளே உனக்காக ஒரு ஈரம் இருந்தது. அதை நான் எடுத்துவிட்டால் அந்த ஆளிடம் உன்னைப் பற்றி என்ன மிஞ்சும். வாயை மூடிக்கொண்டேன். வந்திருக்க வேண்டும்தான் என்றேன்.

என்ன தண்டனை கொடுத்தார்கள் தெரியுமா. யாரும் என் மேசைக்கு வரவில்லை. அந்தச் சாயந்தரம் முழுதும், நான் அங்கே இருந்த அத்தனை நாளும், என் எதிரில் இருந்த முக்காலியை ஒருவரும் இழுக்கவில்லை. யாரும் என் தட்டில் பிய்க்கவில்லை. மச்சான் வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ரங்கூனில் பிறந்து வளர்ந்த நான், ரங்கூன் டீக்கடையில் ஒரு இச்சாக்குவேயை முழுசாக, நிதானமாக, தனியாகத் தின்றேன். கொஞ்சம் உப்பு அதிகம். அதை நான் முன்பு கவனித்ததே இல்லை.

நிஜமாகவே நீ கொஞ்சம் காத்திருந்தாயோ என்று சில நாள் தோன்றும். தோன்றினால் தோன்றட்டும் என்று விட்டுவிடுகிறேன். உன்னை அவ்வளவு துருவ எனக்கு உரிமை இல்லை. ஒரு விஷயத்தில் மட்டும் சந்தேகமில்லை. தாங்ஞுன்டில் இப்போது எனக்குப் பல்லு என்ற பெயர் போய்விட்டது. 'வராதவன்' என்கிறார்கள். செல்வி அதைக் கேள்விப்பட்டு, நான் பேசிச் சரி பண்ணட்டுமா சித்தப்பா என்றாள். வேண்டாம் என்றேன். அந்தப் பெயரை நான் இங்கேயும் எடுத்துவந்துவிட்டேன், வேலைக்குப் போகும்போதும் ஆற்றங்கரைக்குப் போகும்போதும் கூடவே வருகிறது, பாரமாக இல்லை.

அத்தனை மாதம், நீ தனியாகக் குடித்த ஒவ்வொரு கோப்பைக்கும் எதிரில் நான் வராமல் இருந்திருக்கிறேன். உனக்காக நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.